அந்த அரை மணி எங்கே?

ரோலெக்ஸ் வாட்ச் வாங்குகிற வசதி நம் ஹாஸ்டலில் ஒருவருக்கும் கிடையாது. அதனால் என்ன? சொந்தமாக லேத் இல்லாதவன்தானே மூன்று வருஷமாக லேத்தைப் பற்றிப் பரீட்சை எழுதுகிறான்! அந்தத் தைரியத்தில் என் கருத்தைச் சொல்லுகிறேன்.

ரோலெக்ஸ் ஜி.எம்.டி. மாஸ்டர் 2 என்பது இரண்டு நாட்டு நேரத்தை ஒன்றாகக் காட்டும் வாட்ச். இதன் முன்னோடி 1950-களில் பான் ஆம் விமானிகளுக்காக வந்தது. வழக்கமான முட்களோடு, 24 மணிக்கு ஒரு சுற்று வரும் இன்னொரு முள். கண்ணாடியைச் சுற்றி 24 மணி பொறித்த, கையால் திருப்பும் வளையம். 1989-இல் வந்த 16710 என்ற மாடலை 2007-இல் மாற்றி 116710 கொண்டுவந்தார்கள்.

புதுசு உழைப்பில் உசத்தி. இல்லை என்றால் நாக்கு அழுகிப்போகும். பழைய வளையத்தின் மேல்தகடு அனடைஸ் செய்த அலுமினியம். கீறல் விழும், வெயிலில் வெளுக்கும். புதியதில் செராமிக். ஜிர்கோனியா பவுடரை அச்சில் வார்த்து, 1500 டிகிரிக்கு மேல் ஸின்டரிங் செய்து, எண்களின் பள்ளத்தில் பிளாட்டினம் பூசியது. நாம் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட பவுடர் மெட்டலர்ஜி பாடம்தான்! செயின் கொக்கியும் முன்பு வளைத்த தகடு. இப்போது கெட்டி உலோகம். வெயில் காலத்தில் கை உப்பினால் 5 மி.மீ. நீட்டிக்கொள்ளலாம். (சிவப்பு-நீல அழகு மட்டும் போச்சு. செராமிக்கில் இரண்டு நிறம் கொண்டுவர 2013 ஆயிற்று.)

இனிமேல்தான் என் வழக்கு. இரண்டு மாடலிலும் மணி முள்ளை மட்டும் தனியே நகர்த்தலாம். ஆனால் ஒவ்வொரு மணியாகத்தான் தாண்டும். ஆகவே அரை மணி வித்தியாசத்துக்கு வளையம் ஒன்றே கதி. சென்னையில் இருப்பவர் 24 மணி முள்ளை நம் நேரத்தில் வைத்துவிட்டு, வளையத்தைத் திருப்பி லண்டன் நேரம் பார்க்கிறார். குளிர்காலத்தில் வித்தியாசம் 5½ மணி. பழைய வளையத்தில் 120 க்ளிக். ஒன்றுக்கு 12 நிமிஷம். 27 க்ளிக் வைத்தால் 5 மணி 24 நிமிஷம், 28 வைத்தால் 5 மணி 36. ஆறு நிமிஷப் பிசகு கண்ணுக்கே தெரியாது.

புதியதில் மொத்தமே 24 க்ளிக். 5 அல்லது 6. நடுவில் நில் என்றால் நிற்காது. க்ளிக் என்னவோ சுத்தம்தான், ஆட்டமே இல்லை. ஆனால் நம் அரை மணி எங்கேப்பா? இந்தியா, இலங்கை, ஈரான், ஆப்கானிஸ்தான், மியான்மர் எல்லாமே அரை மணிக்காரர்கள். நேபாளமோ 5¾. உலகம் முழுக்க முழு மணியில் ஓடுவதாக யாரோ ஜெனீவாவில் நினைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள்.

அரை மணியை மனசிலேயே கூட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். மனக்கணக்குப் போடுவதற்கு லட்சக்கணக்கில் கொடுப்பானேன்? எச்.எம்.டி. போதுமே.

பழைய அலுமினியத்துக்குத் திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை. செராமிக் இருக்கட்டும், க்ளிக்கை 48 ஆக்கு என்கிறேன். 2018-இல் வந்த அடுத்த மாடலிலும் 24-தான் வைத்தார்கள். நம் மெஷின் ஷாப் இண்டெக்ஸிங் ஹெட்டிலேயே 40-ஐ 48-ஆல் வகுத்தால் ஆறில் ஐந்து சுற்று. 18 துளை வட்டத்தில் 15 துளை. இரண்டாம் வருஷத்துப் பையன் வெட்டிக் கொடுப்பான்.