திரும்பத் தெரிந்தால் போதுமா?



எல் போர்டு மாட்டிக்கொண்டு 120 மணி நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா? இந்த மாதம் உங்களுக்காகவே எழுதுகிறேன்.

மொனாஷ் ஃப்ரீவேயில் கார் கொஞ்சம் விலகினால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்புகிறோம். அதிகம் விலகினால் அதே விகிதத்தில் அதிகம் திருப்புகிறோம். கிங்ஸ்வேயில் குறுகிய இடத்தில் பார்க் செய்யும்போது இந்தக் கணக்கு உதவாது. எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம்; ஸ்டியரிங்கும் ஓர் அளவுக்கு மேல் திரும்பாது.

விண்கலத்தைத் திருப்புவதும் அப்படித்தான். ஒரு கீர்த்தனைப் புத்தகத்தை அட்டை மேலே தெரிய மேசையில் வையுங்கள். தூர விளிம்பைத் தூக்கி நிமிர்த்தி, பிறகு வலப்பக்கம் கால்வட்டம் திருப்புங்கள். மறுபடி பழையபடி வைத்து, முதலில் வலப்பக்கம் திருப்பி, பிறகு நிமிர்த்துங்கள். அதே இரண்டு திருப்பங்கள்தான்; ஆனால் புத்தகம் வேறு நிலையில் நிற்கும்! சிறிய திருப்பங்களில் இந்த வித்தியாசம் தெரியாது; பெரிய திருப்பங்களில் அதை விட்டுவிட முடியாது. இதையும், இயந்திரத்தின் எல்லைகளையும் சேர்த்தே கணக்கிடும் முறைக்குப் பெயர்தான் 'நான்-லீனியர் கன்ட்ரோல்'.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 இன் விக்ரம் நிலவில் மோதியது நினைவிருக்கிறதா? இஸ்ரோ தலைவர் சோமநாத் பிறகு காரணங்களைச் சொன்னார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன. படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் இருக்க வேண்டிய நேரத்தில் பிழைகள் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் மிக வேகமாகத் திரும்ப வேண்டிவந்தது. ஆனால் மென்பொருள் வைத்திருந்த வரம்பு அதற்கு இடம் தரவில்லை. போய்ச் சேர வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரம்தான்!

சந்திரயான்-3 இல், 'எதெல்லாம் தவறலாம்?' என்று கேட்டே வடிவமைத்தார்கள். எஞ்சின்கள் நான்காயின. எரிபொருள் கூடியது. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிந்தது. பெரிய பிழைகளையும் சமாளிக்க மென்பொருளை மாற்றினார்கள். திட்ட இயக்குநர் நம் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் பத்திரமாகத் தரையிறங்கியபோது மெல்பர்னில் இரவு 10.34.

சிறு விலகலை அப்போதே திருத்தினால் சின்னத் திருப்பம் போதும். சேரவிட்டால், திரும்பத் தெரிந்திருந்தும் நேரம் போதாமல் போகலாம். பார்க்கிங்கிலும் இதை மறந்துவிடாதீர்கள்!

அடுத்த மாதம் சந்திப்போம்.