20-ஆ, 30-ஆ, 50-ஆ? - ஒரு எக்ஸ்ரே பரீட்சை பற்றி

பி.காம். படிக்கிறவனுக்கு எக்ஸ்ரேயைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு மாதமாக ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ரேடியோகிராபி கேள்விகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் யோக்கியதை. சித்தி மகள், எனக்கு அக்கா. ரேடியோகிராபி டிப்ளமோ முடித்து மூன்று வருஷமாக இங்கே மலையிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இப்போது வளைகுடா நாட்டு உரிமத்துக்காகப் பரீட்சை எழுதப் போகிறாள். கம்ப்யூட்டரில் எழுதுகிற, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற பரீட்சை. நடத்துகிற கம்பெனியின் பெயரை வைத்து எல்லோரும் 'புரோமெட்ரிக்' என்றே சொல்கிறார்கள். நான் கேள்வி வாசிப்பேன், அவள் ஏ, பி, சி, டி சொல்வாள். என் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் பக்கத்தில் தூங்கும்.

இந்தப் பரீட்சைக்குத் தயாராவதில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதிவிட்டு வந்தவர்கள் ஞாபகத்தில் இருக்கிற கேள்விகளைச் சொல்வார்கள். அதைத் தொகுத்து 'ரீகால்ஸ்' என்று பெயர் வைத்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள், சில இடங்களில் காசுக்கு விற்பார்கள். கேள்வி, அடியில் விடை, முடிந்தது. "பதிலைப் பாரு, ஏன்னு கேக்காத" என்பதுதான் அக்காவுக்குக் கிடைத்த முதல் அறிவுரையாம். பி.காம்.காரனுக்கு இது புதிதில்லை. நாங்களும் அஞ்சு வருஷக் கேள்வித்தாளைப் புரட்டித்தான் கரையேறுகிறோம். ஆனால் நான் இருப்பு நிலைக் குறிப்பைத் தப்பாகப் போட்டால் எனக்கு மார்க் குறையும். அவள் துறையில் கதை வேறு.

ஒரு நாள் வந்த கேள்வி இது: கதிர்வீச்சில் வேலை செய்கிறவர் ஒரு வருஷத்தில் அதிகபட்சம் எத்தனை மில்லிசீவர்ட் வாங்கலாம்? ஒரு தொகுப்பில் விடை 50. இன்னொன்றில் 20. அக்கா படித்த காலேஜ் நோட்டில் 30. மூன்றில் எது தப்பு? எதுவுமே தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் வருஷ வரம்பு 50. உலக அளவில் பரிந்துரை சொல்லும் ஐ.சி.ஆர்.பி. அமைப்பு ஐந்து வருஷ சராசரியாக 20 என்கிறது, தனி ஒரு வருஷத்தில் 50-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நம் நாட்டில் 1983-ல் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., சராசரி 20 என்பதை வைத்துக்கொண்டு, எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் போகாதே என்று கயிற்றை இன்னும் இறுக்கிவிட்டது. சந்தையில் கிடைக்கிற கைடுகளில் நிறைய அமெரிக்கப் பரீட்சையை வைத்து எழுதியவை. அதனால் 50 என்பது பலர் மனதில் பசை போட்டு ஒட்டிவிட்டது.

எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது தலைவலி. காரணம் தெரிந்தவருக்கு இது பட்ஜெட். ஐந்து வருஷத்துக்கு 100 ஒதுக்கீடு, ஒரு வருஷம் கொஞ்சம் கூடச் செலவானால் மற்ற வருஷங்களில் குறைத்துக்கொள், ஆனால் ஒரே வருஷத்தில் 30-ஐத் தாண்டாதே. நெஞ்சில் மாட்டுகிற அந்த டி.எல்.டி. பேட்ஜும் அப்படித்தான். அது கதிர்வீச்சைத் தடுக்காது, கணக்கு மட்டும் எழுதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய் எவ்வளவு என்று படிக்கப்படுகிறது. பாஸ்புக் மாதிரி! பாஸ்புக் வைத்திருப்பதால் யாரும் பணக்காரன் ஆவதில்லை, பேட்ஜ் மாட்டியதால் யாரும் பத்திரமாகிவிடுவதும் இல்லை. அதிலும் பேட்ஜை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் தொங்கவிட்டுப் போகிறவர்கள் உண்டாம். யாருடைய கணக்கில் எதை வரவு வைப்பது, சொல்லுங்கள்.

இவ்வளவு ஏன் பேசுகிறேன் என்றால், மலையில் நிலைமை வேறு. மதுரை மாதிரி ஊரில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒரு ஷிப்டில் நாலு பேர் இருப்பார்கள், சந்தேகம் வந்தால் சீனியரைக் கேட்கலாம், ரேடியாலஜிஸ்ட் பக்கத்து அறையில் இருப்பார். இங்கே பல இடங்களில் எக்ஸ்ரே அறையில் ஒரே ஒருவர். கேட்க ஆளில்லை. பூம்பாறையிலிருந்து 20 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த ஆளுக்குப் படம் சரியாக வரவில்லை என்றால், ஒன்று இன்னொரு முறை கதிர், இல்லையென்றால் "கீழே போய்ப் பாருங்க". கீழே என்றால் பழனி 64 கிலோமீட்டர், மதுரை சுமார் 120. ஒரு நாள் கூலி, துணைக்கு வருகிறவரின் கூலி, பஸ் காசு, வளைவு வளைவாக இறங்கும்போது வாந்தி. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு ஒரு தலைப்பு கூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மலையில் வேலை செய்கிற ரேடியோகிராபருக்கு அவர் படித்த படிப்புதான் சீனியர். அந்த சீனியரை ரீகால்ஸ் வைத்துத் தயாரிக்க முடியாது.

ஒரு உதாரணம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, உருளைக்கிழங்குக் காட்டில் மழையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறிவு இல்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலி போகவே இல்லை. பல மாதம் கழித்துக் கீழே போய்ப் பார்த்தபோது கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கிற சின்ன எலும்பு, 'ஸ்கேபாய்டு', உடைந்து கூடாமல் நின்றிருந்தது. இது ரொம்பப் பிரபலமான பரீட்சைக் கேள்வி என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த எலும்பின் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். அதற்கென்று கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்கிற தனிக் கோணம் இருக்கிறது. அதிலும் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் 10 முதல் 14 நாளில் திரும்ப எடுக்க வேண்டும். எலும்புக்குள் ரத்தம் போகிற வழி ஒரு முனையிலிருந்துதான் என்பதால், கவனிக்காமல் விட்டால் கூடுவது கஷ்டம். ரீகால்ஸில் "ஸ்கேபாய்டு - அல்னார் டீவியேஷன்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற காரணம் தெரிந்த ஒருவர் அன்றைக்கு அந்த அறையில் இருந்திருந்தால், "ரெண்டு வாரம் கழிச்சுக் கட்டாயம் வாங்கக்கா" என்று டாக்டரும் அவரும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இன்றைக்கு அவரால் பூண்டு மூட்டையைத் தூக்க முடியாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூக்குகிற கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"இப்பல்லாம் மெஷினே எல்லாம் பார்த்துக்கும், டிஜிட்டல் வந்தாச்சு" என்று ஒரு வாதம் வரும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உண்மை நேர் எதிர். பிலிம் காலத்தில் கதிர் அதிகமானால் படம் கறுத்துப்போகும், தப்பு கையும் களவுமாகப் பிடிபடும். டிஜிட்டலில் கதிர் அதிகமானாலும் மென்பொருள் அதைச் சரிசெய்து அழகான படமாகக் காட்டிவிடும். குறைந்தால்தான் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் எதற்கு வம்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி வைக்கிற பழக்கம் வந்துவிடுகிறது. உலகம் முழுக்க இந்தத் துறையில் பேசப்படுகிற பிரச்சினை இது. படம் நன்றாக இருக்கிறது, டாக்டருக்குச் சந்தோஷம், நோயாளிக்குத் தெரியாது. ஆடிட்டர் இல்லாத கம்பெனி.

மார்பு எக்ஸ்ரேயை ஏன் 180 சென்டிமீட்டர் தூரத்தில், முதுகுப் பக்கமிருந்து கதிர் வருகிற மாதிரி எடுக்கிறார்கள்? இதயம் முன்பக்கம் இருக்கிறது, படம் பதிகிற பலகைக்கு அது பக்கத்தில் இருந்தால் நிழல் பெரிதாகாது. சுவருக்குப் பக்கத்தில் கையை வைத்தால் நிழல் கை அளவே இருக்கும் இல்லையா, அதே கதை. இந்தக் காரணம் தெரிந்தவர், நிற்க முடியாத நோயாளியைப் படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுக்க நேரும்போது படத்தில் மறக்காமல் 'ஏ.பி.' என்று குறிப்பார். குறிக்காவிட்டால் படிக்கிறவர், இதயம் வீங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

இன்னொரு விஷயம், பழைய விடைகள் பொய்யாகிக்கொண்டே வருகின்றன. இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும்போது இனப்பெருக்க உறுப்பின் மேல் ஈயத் தகடு வைக்க வேண்டும் என்று பல பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2019-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், இதை வழக்கமாகச் செய்வதை நிறுத்துங்கள் என்றது. தகடு பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடலாம், தானியங்கிக் கருவி ஏமாந்து கதிரைக் கூட்டிவிடலாம், உடலுக்குள்ளேயே சிதறுகிற கதிரை அது தடுப்பதும் இல்லை. 2021-ல் அந்த நாட்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவும் இதையே சொன்னது. வேலை செய்கிறவரின் கண் லென்ஸுக்கு வருஷத்துக்கு 150 என்று இருந்த வரம்பை, 2011-ல் ஐ.சி.ஆர்.பி. சராசரி 20-ஆகக் குறைக்கச் சொன்னது. அக்காவிடம் இருக்கிற தொகுப்பில் இன்னும் 150-தான். யார் எந்த வருஷம் எழுதினார்களோ!

நான் இதையெல்லாம் விட்டுவிட்டுப் 'பாதுகாப்பு' அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு ஊர்க் காரணம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் கடைசி ராத்திரிக்கு வைக்கிறார்கள், "அது ஈசி மார்க்கு" என்று. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெர்மாமீட்டர் பாக்டரி ஞாபகம் இருக்கும். 1980-களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தொழிற்சாலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது வெளியே தெரிந்து, அந்த வருஷமே மூடப்பட்டது. பாதரச ஆவிக்கு நிறமில்லை, வாசமில்லை. அதன் ஆபத்தை எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் அங்கே வேலை செய்தவர்கள் வருஷக்கணக்காகச் சொன்ன புகார். உடல்நலக் கேடு என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளவே இல்லை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் ஆனது, அதுவும் மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி. என் வயதுக்காரர்கள் இதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள்தான்.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியிலும் இதே மாதிரி ஒரு பழைய இரும்புக் கடை. டெல்லி பல்கலைக்கழகத்தில் உபயோகமில்லாமல் கிடந்து ஏலத்தில் போன கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. அதைப் பிரித்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தே போனார். எக்ஸ்ரே மெஷினுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, அதுவே ஒரு பரீட்சைக் கேள்வி. சுவிட்சை அணைத்தால் எக்ஸ்ரே நின்றுவிடும், அறையில் ஒன்றும் மிச்சமிருக்காது. கோபால்ட்டை அணைக்க முடியாது. இந்த வித்தியாசத்தை நோயாளிக்குத் தமிழில் சொல்லத் தெரிந்தால், எக்ஸ்ரே அறை வாசலில் நின்று "உள்ள வந்தா கேன்சர் வருமா சார்" என்று பயப்படுகிற பெரியவருக்கு எவ்வளவு நிம்மதி. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. பூமியும் வானமும் ஒரு மனிதருக்குத் தருகிற இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியில் வருஷத்துக்கு 2.4. மேலே இருப்பதால் கொடைக்கானல்காரர்களுக்கு விண்வெளிக் கதிர் மதுரைக்காரர்களை விடக் கொஞ்சம் கூட. மணவாளக்குறிச்சி கடற்கரைக்காரர்களுக்கு மோனசைட் மணலால் அதைவிடக் கூட. (இதற்காக யாரும் ஊரைக் காலி செய்ய வேண்டாம் :-))

இளம்பெண் வந்தால் "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கூட்டத்துக்கு நடுவே கேட்காமல், தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது எந்த ரீகால்ஸிலும் கிடையாது. ஆனால் ஏன் கேட்க வேண்டும் என்பது புரிந்தவர் எப்படியும் கேட்டுவிடுவார்.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பரீட்சைக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, ஏஜெண்ட் என்று செலவு கூடிக்கொண்டே போகிறது. வீட்டில் கடன் இருக்கிறது. இரண்டாவது முறை எழுத வசதியில்லாதவர் குறுக்கு வழியைத் தேடினால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது. ரீகால்ஸை வைத்துக்கொள்ளட்டும், கேள்வி எப்படி வரும் என்று பார்க்க அது உதவும். விடையை மறைத்துவிட்டு முதலில் காரணத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவே. அக்காவும் இப்போது அப்படித்தான் படிக்கிறாள். நான் "ஏன்?" என்று கேட்பேன், பி.காம்.காரனுக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்ல வேண்டும். எனக்குப் புரியவில்லை என்றால் அவளுக்கும் அது சரியாகத் தெரியவில்லை என்று கணக்கு. ஒரு ராத்திரிக்கு 60 கேள்வி ஓடிக்கொண்டிருந்தது இப்போது 15 ஆகிவிட்டது. பாதுகாப்பு அத்தியாயம் முதலில் முடிந்தது.

2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தில் ரேடியோகிராபர்களும் வருகிறார்கள், பொதுவான உரிமத் தேர்வு நடத்தவும் அதில் இடமிருக்கிறது. அப்படி ஒரு தேர்வு வைத்தால், வெறும் எண்ணைக் கேட்காமல், "தனியாக இருக்கிறீர்கள், இந்தப் படம் சரியாக வரவில்லை, அடுத்து என்ன செய்வீர்கள், ஏன்?" என்கிற மாதிரி பத்துக் கேள்வியாவது வைக்க வேண்டும் என்பது என் ஆசை. தமிழிலும் எழுதலாம் என்றால் இன்னும் நல்லது.

பி.கு: ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8. அந்தத் தேதியைத்தான் உலக ரேடியோகிராபி தினமாகக் கொண்டாடுகிறார்கள். கதிர்வீச்சு தெரியாமல் வேலை செய்து இறந்துபோன முன்னோடிகளுக்காக 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு நினைவுத்தூண் வைத்தார்கள், அதில் 100-க்கும் மேற்பட்ட பெயர்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், கண் லென்ஸ் வரம்புக்கு உங்கள் பரீட்சையில் எந்த எண்ணைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அக்காவுக்கு உதவும்.