டீசல் ஸ்விஃப்ட்டும் எங்க சித்தப்பாவும்

"டேய், ஸ்விஃப்ட்னா டீசல்தான்டா. பெட்ரோல் எல்லாம் வேஸ்ட்டு."

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஹால்ல உக்காந்து சித்தப்பா சொன்ன திருவாக்கு இது. அப்பா இருபது வருஷமா ஸ்கூட்டர் ஓட்டி முதுகு போனவர். சீட்டு எடுத்த காசு கையில இருக்கு. செகண்ட் ஹாண்ட்ல ஒரு 2011 ஸ்விஃப்ட் பார்க்கிறோம். புரோக்கர் ரெண்டு வண்டி சொன்னார். பெட்ரோல் 2,20,000, டீசல் 2,80,000. அந்த 60,000 ரூபாய் எதுக்குன்னு கேட்டேன். ஏதோ கெட்ட வார்த்தை பேசின மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். ஸ்விஃப்ட் நம்ம நாட்டுக்கு 2005-ல வந்தப்போ ஒரே இன்ஜின்தான், 1298 சிசி பெட்ரோல். 2006 பட்ஜெட்ல ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்துல இருந்து 16 ஆக குறைச்சார். எது சின்ன கார்? நீளம் 4 மீட்டருக்குள்ள இருக்கணும். பெட்ரோல்னா 1200 சிசி வரை, டீசல்னா 1500 சிசி வரை. இப்போ வேடிக்கையைப் பாருங்க. 2007-ல வந்த டீசல் ஸ்விஃப்ட்டோட இன்ஜின் 1248 சிசி. அது சின்ன கார். அதே பாடியில 1298 சிசி பெட்ரோல் இருந்தா அது பெரிய கார்! 50 சிசி வித்தியாசத்துக்கு 8 சதவீதம். 2010-ல பெட்ரோல் இன்ஜினை மாத்தினாங்க. புதுசு எவ்வளவு சிசி தெரியுமா? 1197. கோட்டுக்கு 3 சிசி உள்ளே. பவர் கிட்டத்தட்ட அதேதான், 85 குதிரைத்திறன் சொச்சம். (பி.எஸ்-4 மாசு விதியும் ஒரு காரணம், அதை மறுக்கலை.) ஆக, எந்த இன்ஜின்ங்கிறதை இன்ஜினியர் பாதி, ஆடிட்டர் பாதின்னு முடிவு பண்ணியிருக்காங்க. பி.காம் படிக்கிறவனுக்கு இதைவிட சந்தோஷமான செய்தி வேற என்ன இருக்கு :)

அடுத்தது விலை. லாரிக்கும் விவசாயிக்கும்னு சொல்லி டீசல் விலையை அரசாங்கம் பிடிச்சு வெச்சிருந்த காலம் அது. 2012 மே மாசம் டெல்லியில பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டினப்போ டீசல் 41 ரூபாய்க்குள்ளதான். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்னா யார்தான் டீசல் வாங்க மாட்டாங்க? சித்தப்பா அப்போ வாங்கினார், அது சரியான முடிவு. தப்பே இல்லை. ஆனா 2014 அக்டோபர்ல அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. இப்போ வித்தியாசம் 10 ரூபாய் கூட கிடையாது. மாருதியே 2020 ஏப்ரலோட டீசல் கார் செய்யறதை விட்டுட்டாங்க. சித்தப்பா மட்டும் இன்னும் 2012-லயே இருக்கார்.

கணக்கு போட்டுக் காட்டினேன். அப்பா வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். ஆபீஸ், மார்க்கெட், வருஷத்துக்கு ரெண்டு தடவை குலதெய்வம் கோயில். பெட்ரோல் 14 மைலேஜ், டீசல் 18 மைலேஜ், லிட்டர் 101, 93னு தோராயமா வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு மிச்சம் 8,200 ரூபாய். 60,000-ஐ திருப்பி எடுக்க ஏழு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள வண்டிக்கு இருபது வயசு தாண்டிடும். நடுவுல ஒரு தடவை இன்ஜெக்டரோ டர்போவோ மண்டையைப் போட்டா பிரேக் ஈவன் என் கல்யாணம் வரைக்கும் தள்ளிப்போயிடும். பெட்ரோல் வண்டியில டர்போவே கிடையாது, கெட்டுப்போறதுக்கு.

"டேய், மாருதி இன்ஜின்டா, அசையாது"ன்னார். அங்கதான் மனுஷன் மாட்டினார். சித்தப்பா, அது ஃபியட் இன்ஜின். ஃபியட்டோட மல்டிஜெட், லைசென்ஸ் வாங்கி மானேசர்ல செஞ்சது. அதே இன்ஜின் டாடா இண்டிகா விஸ்டாவுலயும் இருந்துச்சு, ஃபியட் புன்ட்டோவுலயும் இருந்துச்சு. அந்த வண்டிகளைக் காட்டினா ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க?

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். டீசலோட இழுவை 190 நியூட்டன் மீட்டர், பெட்ரோல் 113தான். 2000 ஆர்.பி.எம் தாண்டினப்புறம் ஹைவேயில அது போற போக்கே தனி சுகம், நானே சித்தப்பா வண்டியில ஓட்டி மயங்கியிருக்கேன். தினம் 80 கிலோமீட்டர் ஓட்டுறவங்க தாராளமா வாங்கட்டும். எங்க அப்பாவோ தெரு முனையில ரெண்டாவது கியர்ல மாட்டுக்கு வழி விடுற ஆளு. டர்போ முழிக்கிறதுக்குள்ள வீடே வந்துடும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பா ஒண்ணுமே சொல்லலை. தம்பி மனசு நோகக்கூடாதுன்னு பார்க்கிறாரோ என்னமோ. சித்தப்பா காபி கூட குடிக்காம கிளம்பிட்டார். ராத்திரி பத்து மணிக்கு அப்பா மெதுவா வந்து, "அந்த பெட்ரோல் வண்டி இன்னும் இருக்கான்னு கேளு"ன்னார். இருக்காம். வர்ற சனிக்கிழமை பார்க்கப் போறோம். கிளட்ச் பார்க்கத் தெரிஞ்ச நண்பர்கள் யாராவது கூட வாங்கப்பா, பரோட்டா என் செலவு.