மனிதனுக்கு ஓர் உயிர்தான்

சென்ற தவணை விடுமுறையில் குடும்பத்தோடு நயினாதீவுக்குப் போனோம். உம்மம்மாவின் தங்கை அங்கே இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று பஸ் ஓடி, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தபோது நயினாதீவுப் படகு அப்போதுதான் புறப்பட்டிருந்தது. அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் எங்களுக்குள் நடந்த ஒரு வாக்குவாதம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தம்பிக்குப் பதினொரு வயது. வாப்பாவின் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுடைய வீரன் ஒரு பாலத்திலிருந்து விழுந்ததும், "மௌத்தாப் போயிட்டான்" என்று சிரித்தான். உம்மம்மா திடுக்கிட்டு, "ஆரு மகன்?" என்று கேட்டார். "கேம்ல உம்மம்மா. பயப்படாதீங்க, இன்னும் ரெண்டு உயிர் இருக்கு" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். பேச்சு அங்கிருந்து வீடியோ கேம்களைப் படமாக்குவது பற்றித் திரும்பியது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெரியும்மாவின் மகன் காக்கா, "கேமை வைத்து எடுத்த படம் எதுவும் உருப்பட்டதில்லை" என்றார். 1993 இல் வந்த சுப்பர் மாரியோ படத்தை உதாரணம் காட்டினார். அது பெரிய தோல்வி. நான் விடவில்லை. அதே மாரியோ 2023 இல் அனிமேஷன் படமாக வந்து 130 கோடி டொலருக்கு மேல் வசூலித்ததே என்றேன். சொனிக் படத்தையும் சொன்னேன். 2019 இல் அதன் முன்னோட்டம் வந்தபோது, சொனிக்கின் உருவத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று உலகம் முழுவதும் இரசிகர்கள் வாதாடினார்கள். படக்குழு அதை ஏற்று, வெளியீட்டைத் தள்ளிவைத்து, உருவத்தை மாற்றி வரைந்து 2020 பெப்ரவரியில் வெளியிட்டது. படமும் வென்றது.

தமிழிலேயே 'கேம் ஓவர்' இருக்கிறது. அஷ்வின் சரவணன் இயக்கத்தில் 2019 இல் வந்தது. அது எந்தக் கேமையும் தழுவியதல்ல. ஆனால் கேம் உருவாக்கும் ஒரு பெண்ணின் கதை. கேமில் வருவதுபோல அவளுக்கும் மூன்று உயிர்கள் கிடைக்கின்றன. ஓர் உயிர் போனால் அந்த இரவு மறுபடியும் தொடங்குகிறது. அந்தப் படம் என்னைப் பாதித்ததற்குக் காரணம், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அவளுக்கு வலிக்கிறது என்பதுதான். தம்பியின் வீரனுக்கு வலிப்பதில்லை.

இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போதே காக்காவின் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. ஒரு நடிகர் இறந்துவிட்டாராம். மாலை போட்ட படம், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கண்ணீர் விடும் முகக்குறிகள் எல்லாம் இருந்தன. காக்கா உடனே மூன்று வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினார். குடிப்பழக்கம்தான் காரணம் என்று ஒருவர் பதில் எழுதினார். இல்லை, குடும்பப் பிரச்சினை என்று இன்னொருவர் எழுதினார். இருபது நிமிடத்தில் மறுப்பு வந்தது. அந்த நடிகர் உயிரோடு இருக்கிறார். "பிழையான நியூஸ் போல" என்று சொல்லிவிட்டுக் காக்கா கைபேசியைப் பையில் வைத்தார். யாருக்கும் வெட்கமாக இருக்கவில்லை. எனக்கும்தான்.

பிறகு யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. தம்பி தன் வீரனைச் சாகவிட்டு மறுபடியும் எழுப்பியதும், நாங்கள் ஒரு மனிதரைச் சாகவிட்டு மறுபடியும் எழுப்பியதும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். கேமின் பழக்கத்தை நாம் மனிதர்களுக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

நான் வாதத்துக்கு எதிரானவள் அல்ல. "படம், கேம் என்று வெட்டிப் பேச்சு" என்று பெற்றோர் கண்டிக்கிறார்கள். ஆனால் ஒரு படம் ஏன் வென்றது, இன்னொன்று ஏன் தோற்றது என்று வாதாடும்போது நாம் காரணம் சொல்லப் பழகுகிறோம், மற்றவர் சொல்வதைக் கேட்கப் பழகுகிறோம். பிழை என்று இரசிகர்கள் சொன்னால் சொனிக்கை மாற்றி வரையலாம். படம் என்பது திருத்தக்கூடிய ஒன்று. மரணத்தை அப்படித் திருத்த முடியாது. அதனால்தான் அதைப் பற்றிப் பேசுவதற்கு வேறு ஒழுங்கு வேண்டும் என்கிறேன்.

நடிகர் விவேக்கின் மரணத்தை நினைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 15 அன்று, மக்கள் பயப்படாமல் முன்வர வேண்டும் என்பதற்காக அவர் சென்னையில் வெளிப்படையாகக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டது. 17ஆம் திகதி அதிகாலையில் இறந்தார். தடுப்பூசிதான் கொன்றது என்ற பேச்சு உடனே பரவியது. தொடர்பில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பின்னர் இந்திய மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே சொன்னது. ஆனால் அதற்கிடையில் எத்தனை பேர் ஊசிக்குப் பயந்து வீட்டில் இருந்திருப்பார்கள்? பயத்தைப் போக்கச் சென்ற மனிதரின் மரணத்தையே பயத்தைப் பரப்பும் கருவியாக்கினோம். அப்துல் கலாமின் விருப்பத்தை ஏற்று இலட்சக்கணக்கான மரங்களை நட்டவர் அவர். அந்த வாரம் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சில் மரங்கள் வரவேயில்லை. ஊசிதான் வந்தது.

எங்கள் பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்னாருடைய தகப்பன், நல்லடக்கம் இத்தனை மணிக்கு. அவ்வளவுதான். ஏன் இறந்தார், எப்படி வாழ்ந்தார் என்ற விசாரணை ஒலிபெருக்கியில் வருவதில்லை. கேட்பவர்கள் 'இன்னாலில்லாஹ்' சொல்கிறார்கள், துஆச் செய்கிறார்கள், முடிந்தவர்கள் ஜனாஸாவுக்குப் போகிறார்கள். வந்த செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஸூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இறந்தவர்களை ஏசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இந்த ஒழுங்கு நம் ஊர் மையத்துக்கு மட்டும் உரியதா? திரையில் பார்த்த ஒருவர் இறந்தால் ஏன் அதை மறந்துவிடுகிறோம்?

மறுபடியும் இறங்குதுறைக்கு வருகிறேன். பொய்ச் செய்தி முடிந்த கையோடு வாக்குவாதம் வேறு பக்கம் திரும்பியது. இறந்த நடிகர்களைக் கணினியில் உயிர்ப்பிப்பது சரியா என்று ராத்தா கேட்டார். 2009 இல் இறந்த நாகேஷ், 2014 இல் வந்த 'கோச்சடையான்' படத்தில் கணினியின் உதவியோடு மறுபடியும் நடித்தார். அந்தப் படத்தைப் பார்த்த பலர் "வீடியோ கேம் மாதிரி இருக்கு" என்று கேலி செய்தார்கள். 2023 டிசம்பர் 28 அன்று இறந்த விஜயகாந்த், 2024 செப்டெம்பரில் வந்த 'கோட்' படத்தில் செயற்கை நுண்ணறிவின் மூலம் தோன்றினார். திரையரங்குகளில் கைதட்டினார்கள். 'லால் சலாம்' படத்தில் ஒரு பாட்டுக்காக ஏ. ஆர். ரஹ்மான், இறந்துபோன பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை அதே முறையில் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவர் சொன்னார்.

"அனுமதி வாங்கினால் பிறகென்ன பிரச்சினை?" என்றார் காக்கா.

எங்களுக்குப் பக்கத்தில் நெடுந்தீவுப் படகுக்காக ஒரு அம்மா காத்திருந்தார். இவ்வளவு நேரமும் எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபமில்லாமல், உண்மையாகவே அறிய விரும்பியவர்போல என்னிடம் கேட்டார்: "பிள்ளை, அந்த மிசின் குமுதினியில செத்த எங்கட சனத்தையும் கொண்டந்து காட்டுமோ?"

குமுதினி என்பது நெடுந்தீவுக்கு ஓடிய படகு. 1985 மே 15 அன்று நடுக்கடலில் அதில் 20-க்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுக்குள் இருந்தார்கள். வாப்பாதான் எங்களுக்கு அதைத் தாழ்ந்த குரலில் விளங்கப்படுத்தினார். நாங்கள் அமைதியாகிவிட்டோம். அந்த அம்மாவுக்கு அதில் யார் இருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சென்னையில் ஒரு நடிகர் எத்தனை மணிக்கு இறந்தார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் நின்ற துறைக்கு எதிரே இருக்கும் கடலில் இறந்தவர்களில் ஒருவருடைய பெயரும் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து காக்காவின் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். என் பதில் இதுதான். குடும்பத்தின் அனுமதி கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. உருவமும் குரலும் முதலில் அந்த மனிதருக்கு உரியவை. உயிரோடு இருக்கும்போதே அவர் சம்மதித்தாரா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சாகுல் ஹமீது 1990களில் விபத்தொன்றில் இறந்தார். தன் குரலை ஓர் இயந்திரம் பாடும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். எதைப் பாடுவது, எதைப் பாடாமல் விடுவது என்பது ஒரு கலைஞனின் உரிமை. இறந்தவரிடம் அந்த உரிமை இல்லை. 2020 இலும் 2021 இன் தொடக்கத்திலும் கொரோனாவில் இறந்த நம்மவர்களின் ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னபோது நாம் எப்படித் துடித்தோம்? மறுத்துப் பேச முடியாத ஒருவர்மீது மற்றவர்கள் முடிவெடுப்பது என்ன என்பது நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே அளவான அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் கேட்கப்படாமல் போவது இறந்தவரின் விருப்பம்தான்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இளையராஜாவின் மகள் பவதாரிணி, 2024 ஜனவரி 25 அன்று நமது கொழும்பில் காலமானார். சிகிச்சைக்காக வந்திருந்தவர். அவருடைய குரலைச் செயற்கை நுண்ணறிவின் மூலம் 'கோட்' படப் பாட்டொன்றில் சேர்த்தவர் அவருடைய சொந்தத் தம்பி யுவன் சங்கர் ராஜா. அது வியாபாரம் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் ராத்தாவை நினைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கும் அழுகை வருகிறது. பிரிவின் துயரத்துக்கு யார் கணக்குப் பார்க்க முடியும்? ஆனால் துயரத்தில் இருக்கும் ஒரு தம்பி செய்வதைப் பார்த்து, நாளை துயரமே இல்லாத ஒரு நிறுவனம் அதையே செய்யும். அப்போது தடுப்பதற்கு ஒரு விதி வேண்டும்.

ஒரு பழைய ஹொலிவூட் படத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1994 இல் வந்த 'ஸ்ட்ரீட் பைட்டர்' என்ற படமும் ஒரு வீடியோ கேமிலிருந்து எடுக்கப்பட்டதுதான். விமர்சகர்கள் அதைக் கிழித்தார்கள். அதில் வில்லனாக நடித்தவர் ராவுல் ஜூலியா என்ற பெரிய மேடை நடிகர். அப்போது அவர் கடும் நோயாளி. படம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1994 ஒக்டோபர் 24 அன்று இறந்துவிட்டார். தன் பிள்ளைகளுக்கு அந்தக் கேம் மிகவும் பிடிக்கும் என்பதற்காகவே அந்த வேடத்தை ஏற்றார். மெலிந்த உடம்போடு முழு மனதாக நடித்தார். படத்தைத் திட்டியவர்களும் அவருடைய நடிப்பைப் பாராட்டினார்கள். எந்தக் கணினியும் அவரை இதற்கு இழுத்து வரவில்லை. மிஞ்சியிருந்த கொஞ்ச நாட்களை என்ன செய்வது என்று அவரே தெரிவு செய்தார். காக்காவிடம் இப்போது கேட்டால், உருப்பட்ட கேம் படம் எது என்பதற்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

எனவே சக மாணவிகளிடம் என் வேண்டுகோள் இது. படங்களைப் பற்றி நன்றாக வாதாடுங்கள், ஆனால் பார்த்துவிட்டு வாதாடுங்கள். மரணச் செய்தி வந்தால், குடும்பத்தாரோ வைத்தியசாலையோ சொல்லும் வரை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். காரணம் தேடாதீர்கள். இறந்தவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குழுக்களில் வரும் கண்ணீர் அஞ்சலிகளை எங்களைவிட வேகமாக அனுப்புவது பல வீடுகளில் நீங்கள்தான். எங்கள் கைபேசியைப் பறிக்குமுன் இந்த ஊரின் மரணங்களையும் எங்களுக்குச் சொல்லித் தாருங்கள். குமுதினியைப் பற்றி அந்த அம்மா கேட்ட பிறகுதான் வாப்பா எங்களுக்குச் சொன்னார்.

அன்று நெடுந்தீவுப் படகு முதலில் வந்தது. உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்டு அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். அவருடைய கேள்விக்கு நாங்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் படகு வந்ததும் வாப்பா தம்பிக்கும் ஓர் அங்கியைப் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினார். "கையில ஃபோன் இருக்கு வாப்பா" என்று தம்பி சிணுங்கினான். "ஃபோனை வை. இது கேம் இல்ல" என்றார் வாப்பா.