செய்தி ஆங்கிலத்தில் வரட்டும், ஊர்ப்பெயர் தமிழில் இருக்கட்டும்

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் ஊர், தெரு, தொழில் எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதி வருகிறார்கள். கணினியில் ஏற்றும்போது அத்தனையும் ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுகிறது. கேட்டால், "ஆர்-ல தமிழ் வராது மேடம்" என்கிறார்கள். சீனியர் சொன்னாராம்.

ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 'ஆர்' மென்பொருள் லினக்ஸிலும் மேக்கிலும் தமிழைச் சரியாகவே காட்டியது, விண்டோஸில்தான் தகராறு. விண்டோஸ் இயல்பாகப் பயன்படுத்திய பழைய எழுத்துக் குறியீட்டு அட்டவணைகளில் தமிழுக்கென்று ஒன்று இருக்கவில்லை. 'தமிழ்' என்று வரவேண்டிய இடத்தில் கோண அடைப்புகளுக்குள் ஐந்து குறியீட்டு எண்கள் வந்து நிற்கும். 2022 ஏப்ரலில் வெளியான 4.2.0 பதிப்பு விண்டோஸிலும் யுனிகோடின் யு.டி.எஃப்-8 முறைக்கு மாறியது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால் போதும். ஆய்வகத்தில் பழைய பதிப்பைப் போட்டு வைத்துக்கொண்டு தமிழைக் குறை சொல்வது என்ன நியாயம்?

மொழி அமைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சங்கதிகள் உண்டு. பிழைச் செய்தி எந்த மொழியில் வரவேண்டும் என்பது ஒன்று. தரவிலுள்ள எழுத்தை எப்படிப் படிப்பது, எப்படி வரிசைப்படுத்துவது என்பது வேறு. முதலாவது ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பேன். தமிழ்ப் பற்றாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செய்தியை அப்படியே இணையத்தில் தேடினால்தான் விடை கிடைக்கும். இரண்டாவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்? 'கீழ' என்று தொடங்கும் ஊரை ஒரு மாணவர் 'இசட்-எச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'எல்' போடுவார், மூன்றாமவர் 'ஈ' எழுத்தை இரட்டிப்பார். அட்டவணையில் ஒரே ஊர் மூன்று ஊராகிவிடும். குளமும் குலமும் ஒன்றாகிவிடும். பிறகு மக்கள்தொகைக் கணக்கோடு இணைக்கப் பார்த்தால் பாதி ஊர்கள் ஒட்டாது.

தமிழில் ஏற்றிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. மாவட்டங்களை அகரவரிசைப்படுத்தும்போது, மொழி அமைப்பு (லொகேல்) 'சி' என்றிருந்தால் கடலூருக்கு அடுத்துக் கன்னியாகுமரி வரும். கரூரும் கள்ளக்குறிச்சியும் அதற்குப் பின்னால் போகும். யுனிகோடில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்த எண்ணில் இருப்பதுதான் காரணம். நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய் அல்லவா? ஆரின் 'ஸ்ட்ரிங்ஐ' தொகுப்பின் வரிசைப்படுத்தும் கட்டளையில் தமிழுக்கான ஈரெழுத்துக் குறியைக் கொடுத்தால், கன்னியாகுமரி கள்ளக்குறிச்சிக்குப் பின் ஒழுங்காகப் போய் நிற்கும். இதை நிரலுக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். தன் மடிக்கணினியின் அமைப்பில் மாற்றி வைத்தால், நிரலை வாங்கி ஓட்டும் நண்பனுக்கு வேறு வரிசைதான் கிடைக்கும். முதல் செய்முறை வகுப்பிலேயே அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

மாணவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. யுனிகோடை ஏற்றுத் தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது. இன்றும் சில அலுவலகங்களில் தரவு கேட்டால் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புதான் வருகிறது. திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த கிறுக்கல். யுனிகோடில் மாற்றித் தாருங்கள் என்று கேட்டதற்கு ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள்: "பிரிண்ட் எடுத்து ஸ்கேன் பண்ணித் தரட்டுமா?"