தலைக்கு மேலே பறக்கிற சேத்தக்

ஹெலிகாப்டர் மாடல் கிட் வாங்கணும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு மேலே எது பறக்கிறதோ அதை வாங்குங்கள். அதிலும் பாகங்கள் குறைவாக, விலை குறைவாக இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சமாகிற பணத்தையும் பொழுதையும் அதைத் திருத்துவதில் போடுங்கள்.

"என்ன சார், கடையில அப்பாச்சி இருக்கு, பார்க்கவே மிரட்டலா இருக்கே" என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் அப்பாச்சியை உங்கள் பிள்ளை சினிமாவிலும் கம்ப்யூட்டர் விளையாட்டிலும்தான் பார்த்திருக்கும். பெட்டி மேல் இருக்கிற படத்தைப் பார்த்து ஒட்டும், முடிந்ததும் அலமாரியில் வைக்கும், அதோடு சரி. மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்து, "அப்பா, நாம ஒட்டினது தப்பு, சக்கரம் அப்படி இல்ல" என்று சொல்கிற பாக்கியம் அதில் கிடையாது. (ரிமோட் வைத்துப் பறக்கவிடுகிற பொம்மைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அவற்றின் ஆயுள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.)

நாங்கள் இருக்கும் மட்டாஞ்சேரிக்கு நேர் எதிரே, நடுவில் கப்பல் கால்வாய், அந்தப் பக்கம் வில்லிங்டன் தீவு. அங்கேதான் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா விமானதளம், 1953லிருந்து இருக்கிறது. மொட்டை மாடியில் தங்கமணி வத்தல் காயப்போடும்போது தலைக்கு மேலே ஏதாவது ஒன்று போகும். சேத்தக் என்றால் கீச்சென்று விசிலடிக்கும், சீ கிங் என்றால் சத்தம் வயிற்றில் அதிரும். பையன் பார்க்காமலேயே சொல்லிவிடுவான்.

விடுமுறைக்குப் போகிற ஊரைத்தான் உன் ஊர் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சரி. ஆனால் அவர்கள் அண்ணாந்து பார்த்து வளர்கிற வானம் பிழைக்க வந்த ஊரின் வானம். அதிலிருந்து ஒன்றை எடுத்து அவர்கள் கையாலேயே செய்ய வைப்பதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மும்பையில் இருப்பவர்களுக்கு ஜுஹுவிலிருந்து கிளம்பும் பவன் ஹான்ஸ் இருக்கிறது. ஊரிலேயே இருப்பவர்களுக்கும் குறைவில்லை: அரக்கோணத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி, சூலூரில் சாரங் குழுவின் துருவ்.

கொச்சிக்காரர்கள் என்றால் நான் சேத்தக்கைத்தான் சொல்வேன். கடையில் போய் சேத்தக் என்று கேட்டால் பஜாஜ் ஸ்கூட்டரா என்பார்கள் :-) (இரண்டுக்குமே ராணா பிரதாப்பின் குதிரை பெயர்தான்.) பெட்டியில் 'அலூயெத் 3' என்று போட்டிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1959 பிப்ரவரி 28ல் முதலில் பறக்கவிட்டது. 1962ல் உரிமம் வாங்கி, 1965லிருந்து பெங்களூரில் எச்.ஏ.எல். தயாரித்தது, முந்நூறுக்கும் மேலே. ஹெல்லர் கம்பெனியின் 1/72 அளவுப் பெட்டி இதற்கு இருக்கிறது. பழைய அச்சு, ஆனால் உருவம் சரியாக வரும். வாங்கும்போது பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அலூயெத் 2 என்றோ லாமா என்றோ இருந்தால் வேண்டாம். லாமாதான் நம் சீட்டா. அதற்கு வால் வெறும் கம்பிக்கூடு, சேத்தக்குக்கு மூடிய வால்.

1/72 என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலம். சேத்தக்கின் விசிறி விட்டம் நிஜத்தில் 11.02 மீட்டர், மாடலில் 15 சென்டிமீட்டர் சொச்சம். சீ கிங்குக்கு 18.9 மீட்டர், அதே அளவில் 26 சென்டிமீட்டர். 1/48ல் சீ கிங் வாங்கினால் 39 சென்டிமீட்டர் ஆகிவிடும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் பெட்டி வாங்குமுன் ஸ்கேலை எடுத்து அலமாரியை அளந்துவிடுவது நல்லது.

இனி திருத்துவது. நுணுக்கம் பார்க்கிறவர்கள் ரிவெட்டைக்கூட எண்ணுவார்கள். தனியாக விற்கும் ரெசின் பாகங்கள், உலோகத் தகடுகள் என்று சேர்த்துக்கொண்டே போனால் அசலைவிட வட்டி அதிகமாகிற கதைதான். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் தெரிகிற நாலைந்தைச் சரிசெய்தால் போதும் என்பது என் கட்சி.

முதலில் விசிறி. பெட்டியில் வரும் இறக்கைகள் ஸ்கேல் மாதிரி நேராக இருக்கும். நிஜத்தில் நிற்கிற ஹெலிகாப்டரின் இறக்கைகள் தம் எடையிலேயே நுனி தொங்கி நிற்கும். பறக்கும்போது வண்டியின் எடையே அவற்றில் தொங்குவதால் நுனி மேலே எழும்பும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கடற்படையின் சீ கிங் ஒன்று ஒரு வீட்டு மொட்டை மாடியில் சக்கரத்தைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு 26 பேரை ஏற்றியது நினைவிருக்கும். அந்தக் கூரை முழு எடையைத் தாங்காது, அதனால் இறங்கியும் இறங்காமல் எடையை விசிறியிலேயே பிடித்துக்கொண்டு நின்றார் விமானி. இதைச் சொல்லிவிட்டு, வெந்நீரில் காட்டிய பிளாஸ்டிக் இறக்கையைப் பிள்ளை கையில் கொடுத்து மெதுவாக வளைக்கச் சொல்லுங்கள். எதற்கு வளைக்கிறோம் என்பது அதற்கு மறக்காது. செலவு ஒரு டம்ளர் வெந்நீர்.

அடுத்தது மூக்கு. சேத்தக்குக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருக்கும் இருக்கை, தரை எல்லாம் அப்படியே தெரியும் என்பதால் மூடுமுன் வண்ணம் அடித்துவிட வேண்டும். மறைக்கும் டேப்பை மெல்லிசாக நறுக்கி ஒட்டினால் சீட் பெல்ட். கண்ணாடியை ஒட்ட சூப்பர் குளூ கூடவே கூடாது, அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துப்போகும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமே தெரியாது. மூடுமுன் உள்பக்கக் கைரேகையைத் துடைப்பது கட்டாயம். பிறகு துடைக்க வழியே இல்லை.

இன்னொரு சங்கடம், சேத்தக்குக்கு மூக்குப் பக்கம் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வால் கனத்தால் பொம்மை பின்பக்கமாக உட்கார்ந்துவிடும். முன்னால் எடை வைக்கலாம் என்றால் எல்லாம் கண்ணாடி! தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டைத் தட்டித் தகடாக்கி, தரைக்கு அடியிலும் இருக்கைக்குள்ளும் ஒளித்து வையுங்கள். கொச்சியில் தூண்டில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. சீ கிங்கில் இந்தத் தொல்லை கிடையாது, அதற்குச் சின்னச் சக்கரம் வாலில்.

சேத்தக்கின் எஞ்சினுக்கு மூடி இல்லை. குழாய்கள் எல்லாம் வெளியே தெரியும். பழைய டெலிபோன் கம்பியை உரித்து உள்ளே இருக்கும் செப்புக் கம்பியில் நாலு குழாய் வளைத்து ஒட்டினாலே பொம்மைக்கு உயிர் வந்துவிடும். மீட்புக்குப் போகிற வண்டி என்றால் கதவுக்கு மேலே வின்ச் வேண்டும், அதுவும் அதே கம்பியில்தான்.

நிறத்துக்குப் பெட்டிக் காகிதத்தை நம்பாதீர்கள், அது பிரான்சு வண்டியின் கணக்கு. வெளிவந்த புகைப்படங்களில் ஒரே வண்டியை, ஒரே வருடத்தில் எடுத்ததாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.என். என்று தொடங்கும் பக்கவாட்டு எண்ணை வீட்டுப் பிரிண்டரிலேயே டெகால் தாளில் அச்சடிக்கலாம். பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, ஆகவே வெள்ளை எழுத்து வேண்டுமானால் வெள்ளைத் தாளில் சுற்றிலும் நிறத்தை அடித்து எழுத்தை விட்டுவிட வேண்டும். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடுமுன் வார்னிஷ் அவசியம், இல்லாவிட்டால் மை கரைந்து ஓடிவிடும். தளத்தைப் படமெடுக்க மட்டும் கேமராவோடு போகாதீர்கள், அங்கே அனுமதி கிடையாது. கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. சேத்தக்கும் சீ கிங்கும் வெட்டவெளியில் நிற்கின்றன, சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 மார்ச் 6ல் எம்.எச்.60ஆர். படைப்பிரிவு கொச்சியில் சேர்ந்தது. சீ கிங்கின் வேலையை எடுத்துக்கொள்ள வந்தவை அவை. சேத்தக்கின் வடிவமைப்புக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 2023 நவம்பர் 4ல் இதே கருடா தளத்தில் நடந்த சேத்தக் விபத்தில் கடற்படைக்காரர் ஒருவர் இறந்தார். புதியவை வரட்டும், வந்தே ஆகவேண்டும். ஆனால் மாடிக்கு ஓடிப்போய்ச் சரிபார்க்க நிஜ வண்டி மேலே பறக்கிற நாட்கள் இனி எண்ணிக்கைதான்.

இல்லை, பெரிதாகத்தான் வேண்டும், சீ கிங்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு: ஏர்ஃபிக்ஸ், ரெவெல் இரண்டிலும் 1/72 உண்டு. எச்.சி.4 என்று போட்ட பெட்டியை எடுக்காதீர்கள். அது துருப்புகளை ஏற்றுகிற வகை, முதுகில் ரேடார் குமிழும் பக்கவாட்டு மிதவையும் இருக்காது. நம் 42பி.க்கு இரண்டும் வேண்டும், எனவே நீர்மூழ்கி வேட்டை வகையாகப் பார்த்து எடுங்கள். வால் விசிறியில் அமெரிக்க வண்டிக்கு ஐந்து இறக்கை, பிந்தைய பிரிட்டிஷ் வண்டிக்கு ஆறு. ஒட்டுமுன் எண்ணிவிடுங்கள்.

எந்தக் கிட்டாக இருந்தாலும் இங்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஸ்ப்ரே வார்னிஷ் வேண்டாம். ஈரக் காற்றில் பால் ஊற்றினது போல் வெளுத்துவிடும். அந்த மூன்று மாதம் ஒட்டுவது, தேய்ப்பது, கம்பி வளைப்பது எல்லாம் செய்யலாம். டெகால் தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வார்னிஷ் அடிப்பதை மழை விட்ட ஒரு நல்ல வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.