கொரியாவைப் பிரிப்பது 38ஆவது அட்சரேகையா?

வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் எல்லை 38ஆவது அட்சரேகை என்று பொது அறிவுப் புத்தகங்கள் இன்றும் சொல்கின்றன. போட்டித் தேர்வில் இதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கலாம். ஆனால் இந்த விடை காலாவதியாகி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

முதலாவது, அந்தக் கோடு எல்லையாக இருந்த காலம் மிகக் குறுகியது. 1945 ஆகஸ்டில் ஜப்பானியப் படைகள் எங்கே சோவியத்திடமும் எங்கே அமெரிக்காவிடமும் சரணடைய வேண்டும் என்று பிரிப்பதற்காக, டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கோடு அது. 1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை அதைக் கடந்ததும் போர் மூண்டது.

இரண்டாவது, "கோடு அங்கேதானே இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்திருக்கும்" என்பார்கள். 1953 ஜூலை 27 போர்நிறுத்தத்தின்போது படைகள் எங்கே எதிரெதிராக நின்றனவோ அதை ஒட்டியே இன்றைய கோடு அமைந்தது. சுமார் 250 கிலோமீட்டர் நீளும் அது, மேற்கில் 38க்குத் தெற்கேயும் கிழக்கில் வடக்கேயும் செல்கிறது. போருக்கு முன் தெற்கின் வசம் இருந்த கேசோங் நகரம் இப்போது வடக்கில். வடக்கின் வசம் இருந்த சோக்சோ இப்போது தெற்கில். ஊரையே இழந்தவர்களிடம் போய் இதைக் கொஞ்சம் நகர்ந்தது என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது, அது இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட எல்லையும் அல்ல. கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம்தான், சமாதான உடன்படிக்கை அல்ல. அதிலும் தென் கொரியா கையெழுத்திடவில்லை. தீபகற்பம் முழுவதும் தன் நிலப்பரப்பு என்றே அதன் அரசமைப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இன்றும் சொல்கிறது.

நான்காவது, கோட்டின் இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் 'ராணுவமற்ற மண்டலம்' என்பதால் அங்கே அமைதி நிலவுவதாக நினைப்பதும் தவறு. அதன் உள்ளே கண்ணிவெடிகள். வெளியே இரு பெரும் படைகள்.

கடலிலோ ஒப்பந்தம் எல்லையே வகுக்கவில்லை. ஐ.நா. படைத்தலைமை பின்னர் ஒருதலையாக வரைந்த வடக்கு எல்லைக் கோட்டை வட கொரியா ஏற்கவில்லை. 2010 நவம்பரில் யோன்பியோங் தீவின் மீது குண்டுகள் விழுந்தது இந்தத் தகராறு நிலவும் கடலில்தான்.

அட்சரேகை என்று சொன்னால் பிரிவினை பூகோளத்தின் வேலை போலத் தோன்றிவிடுகிறது. முதலில் வல்லரசுகள் பிரித்தன, பிறகு போர் பிரித்தது. மனிதர்கள் போட்ட கோட்டுக்கு மனிதர்களே பொறுப்பு.